படத்தில் நிற்காத பாக்கியம்

இந்த வருஷம் தைப்பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு சின்னத் திருட்டுச் செய்தேன்.

ஐயோ, இந்த வயதிலா டீச்சர் – என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஆமாம், இந்த வயதில்தான். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சமூகக்கல்வி படிப்பித்து, 'கேட்காமல் அடுத்தவர் பொருளைத் தொடாதே' என்று தொண்டை வறளச் சொல்லிவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு நானே... சரி, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நானும் நண்பர் ஜெரால்டும் பதுளை மாவட்டத்தின் பழைய போட்டோக்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம் என்று இந்தப் பத்திரிகைப் பத்தியில் ஏற்கெனவே புலம்பியிருக்கிறேன். ஜெரால்ட் ரயில்வேயில் வேலை பார்த்தவர். ஹாலிஎலயில் எனக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறார். பதுளை டவுனில் ஒரு மண்டபம் பிடித்து, சேர்த்த படங்களையெல்லாம் மாட்டி, ஊர்ச் சரித்திரத்தை ஊருக்கே காட்டவேண்டும் என்பது எங்கள் ஆசை.

படங்கள் வந்தன. தெமோதரைப் பாலம் கட்டி முடிந்த கோலம், துன்ஹிந்த நீர்வீழ்ச்சி, வெள்ளைக்காரத் துரைமார் பங்களா, துரையின் குதிரை, துரைசாணியின் பூந்தோட்டம்... எல்லாம் அழகுதான். ஆனால் எங்கள் ஆட்கள் எங்கே? தேடிப் பார்த்தால் ஓரத்தில் நிற்பார்கள். குதிரையின் கயிற்றைப் பிடித்தபடி. குடையைப் பிடித்தபடி.

சரி, எங்கள் வீடுகளில் இருக்கும் படங்களைக் கேட்போம் என்று தேயிலைத் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினேன். அங்கே ஒரு விஷயம் கண்ணில் பட்டது. வீட்டுக்கு வீடு ஒரே மாதிரிப் படம். ஸ்டூடியோத் திரைக்கு முன்னால் விறைத்து நிற்கும் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, வரிசையாகப் பிள்ளைகள். இரவல் கோட்டு, எண்ணெய் வழியும் தலை. 'இது எப்ப எடுத்தது?' என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான்.

'பாஸ்போட்டுக்கு எடுத்ததுங்க.'

இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டு, இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று இந்திய வம்சாவளித் தோட்டத்து மக்களான எங்களைப் பிரித்த காலம். அதுவரை எங்கள் முகத்தைப் படம் பிடிக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. முதன்முதலாக எங்களைக் கேமராவுக்கு முன்னால் கூப்பிட்டு நிறுத்தியது எதற்காக? ஊரை விட்டுப் போவதற்காக!

பூனாகலைத் தோட்டத்துக்குப் போனது அப்படி ஒரு படத்தைத் தேடித்தான். என்னிடம் படித்த சுதா இப்போது பண்டாரவளையில் முன்பள்ளி ஆசிரியை. அவள்தான் சொன்னாள்.

'அம்மாகிட்ட ஒரு பழைய படம் இருக்கு டீச்சர். யாரோ தூரத்துச் சொந்தம்னு சொல்லுவாங்க. நாங்க தொட்டாலே கோவம் வந்துரும். நீங்க கேட்டா ஒருவேளை குடுப்பாங்க.'

சுதாவின் அம்மா பெயர் பாக்கியம். அறுபதைத் தாண்டியவர். புருஷன் இல்லை. தேயிலைக் கொழுந்து எடுப்பதிலிருந்து ஓய்வு பெற்று, லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் போஞ்சி, லீக்ஸ் என்று காய்கறி போட்டுக்கொண்டு தனியாக இருக்கிறார். மகளின் டீச்சர் என்றதும் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். படத்தையும் எடுத்து வந்தார். நாலாக மடித்த வெள்ளைத் துணிக்குள் இருந்தது.

மூன்று பேர். கோட்டுப் போட்ட அப்பா. பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் இளம் அம்மா. அவர் மடியில் மொட்டைத் தலையோடு ஒரு கைக்குழந்தை.

'யாரும்மா இவங்க?'

'தூரத்துச் சொந்தங்க.'

'கண்காட்சியில வைக்கலாமா? பத்திரமாத் திருப்பிக் கொண்டுவந்து தருவேன்.'

'அதெல்லாம் வேண்டாங்க. பாக்கத்தான் குடுத்தேன்.'

'போன்ல ஒரு படமாவது எடுத்துக்கவா?'

'வேண்டாங்க டீச்சர்.' குரல் மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் கதவு சாத்தியாயிற்று. 'இருங்க, தேத்தண்ணி ஊத்துறேன்.'

அவர் அடுப்படிக்குப் போனார். படம் என் மடியில் இருந்தது. போன் என் கையில் இருந்தது...

இப்போது புரிகிறதா, என்ன திருட்டு என்று?

தேத்தண்ணி குடிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. 'சீனி போதுமாங்க?' என்று இரண்டு தடவை கேட்டார். சுட்ட ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கட்டிக் கொடுத்தார். பஸ் ஏற்றிவிட ரோடு வரைக்கும் வந்தார். வாங்கிக்கொண்டு வந்தேன், கூச்சமில்லாமல்.

பஸ்ஸில் போனை எடுத்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்பா கேமராவை முறைக்கிறார். குழந்தைகூடக் கேமராவைத்தான் பார்க்கிறது. அம்மா மட்டும் பார்க்கவில்லை. வெட்கப்பட்டுத் தலை குனிந்த மாதிரியும் இல்லை. கேமராவுக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் தாழ்வாக, எதையோ விடாமல் பார்க்கிறார். இவ்வளவு காசு கொடுத்து எடுத்த படத்தில் ஸ்டூடியோக்காரர் இதை எப்படி விட்டார்? அந்தப் பார்வையைப் பார்க்கப் பார்க்க, எனக்கு ஒருவருடைய வீட்டுக்குள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

ஜெரால்டிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: 'கேட்டுத்தானே எடுத்தீங்க?'

பொய் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.

'அப்ப இத மாட்ட முடியாது டீச்சர்' என்றார். கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு அடுத்த படத்துக்குச் சட்டம் அளக்கத் தொடங்கினார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அடுத்த ஞாயிறு மறுபடி பூனாகலை. பாக்கியம் போஞ்சிக் கொடிக்குக் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தார். நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன். போனையும் நீட்டினேன்.

அவர் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டார். என் போனை வாங்கவில்லை.

'நான் வேண்டான்னு சொன்னேன்ல?'

'சொன்னீங்க.'

'படிச்சவங்கதானே நீங்க?'

'அழிங்க' என்றார். அவர் பார்க்கும்படி வைத்து அழித்தேன். அழித்த படங்கள் போய் ஒளிந்துகொள்ளும் இன்னொரு இடம் இருக்கிறதே, அங்கேயும் போய் அழித்தேன். மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினேன். பத்து அடி நடந்திருப்பேன்.

'டீச்சர்.'

நின்றேன்.

'அந்தப் படத்துல அம்மா எங்க பாக்குறாங்கன்னு பாத்தீங்களா?'

தூரத்துச் சொந்தம் இல்லை. அம்மா.

'பார்த்தேன்.'

'நான் அங்கதான் நின்னேன்' என்றார். 'அந்தப் போட்டோக்காரர் பக்கத்துல. ஏழு வயசு. நானும் நிக்கிறேன்னு அழுதேன். நீ நிக்கக் கூடாதுன்னு சொல்லி அவர் என் தோளப் புடிச்சிக்கிட்டாரு.'

பிறகு வாசல்படியில் உட்கார்ந்து சொன்னார். கம்பை விடாமல், மண்ணைப் பார்த்தபடி.

அப்போது அவர்கள் ஹாலிஎலப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தார்கள். தம்பி பிறந்தபோது அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. பிள்ளை இல்லாத பெரியம்மா, பாக்கியத்தைத் தன் காம்பரா அறைக்குக் கூட்டிப் போய் வளர்த்தார். அடுத்த லயம்தான். தோட்டத்துப் பதிவிலும் பிள்ளையின் பெயர் பெரியப்பா குடும்பத்தோடு சேர்ந்துவிட்டது. அன்றைக்கு யாருக்கும் அது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஆனால் குடியுரிமைக் கடதாசி வந்தபோது அப்பா குடும்பத்துக்கு இந்தியா என்று வந்தது. பெரியப்பா குடும்பத்துக்கு இலங்கை என்று வந்தது.

ஒரு பெயர் எந்தப் பதிவுக் கொப்பியில் எழுதப்பட்டது என்பதில் ஒரு பிள்ளையின் நாடு மாறிவிட்டது.

'ஸ்டேசன்ல கோச்சி ஏறுறப்ப அம்மா இந்தப் படத்தக் கையில குடுத்தாங்க. பேப்பரச் சரி பண்ணிக்கிட்டு அடுத்த கப்பல்ல ஆள் அனுப்புறோம், அதுவரைக்கும் இதப் பாத்துக்கிட்டிருன்னாங்க.'

'அனுப்பலையா?'

'கடுதாசி வந்துச்சு. பேப்பர்தான் சரியாகல. பொறகு தமிழாளுங்கள அடிச்ச கலவரத்துல எங்க லயம் எரிஞ்சிருச்சு. கடுதாசி, விலாசம் எல்லாம் போச்சு. படத்த மட்டும் நெஞ்சோட வச்சுக்கிட்டு ஓடினேன். அப்புறம்தான் இந்தப் பக்கம் வந்தோம். எனக்குக் கல்யாணம் பேசுறப்ப பெரியம்மா, அப்பா அம்மா செத்துட்டாங்கன்னு சொன்னாங்க. விட்டுட்டுப் போனாங்கன்னு சொன்னா, புள்ளைகிட்ட என்ன கொறையோன்னு கேப்பாங்கல்ல? நானும் அதையே சொல்லிட்டேன். புருஷன்கிட்ட, புள்ளைகிட்ட... எல்லார்கிட்டயும். இப்ப போய் படத்த மாட்டினா என்ன சொல்றது?'

'யார்கிட்டயும் சொல்லமாட்டேன்' என்று மட்டும் சொன்னேன். பத்தி எழுதுகிறவள் அப்படி வாக்குக் கொடுப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? கொடுத்தேன். காப்பாற்றவும் செய்தேன். இப்போது எழுதுவது அவர் சொல்லித்தான்.

கண்காட்சியின் முதல் நாளே நல்ல கூட்டம். சனிக்கிழமை என்பதால் பள்ளிக்கூடப் பிள்ளைகள், டவுனுக்குச் சாமான் வாங்க வந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பதினொரு மணி போல வாசலில் சுதா. அவளுக்குப் பின்னால், நீலச் சேலையில் பாக்கியம்.

'டீச்சர் என்னதான் மாட்டியிருக்காங்கன்னு பாக்கணும்னு அம்மாதான் கூப்பிட்டாங்க' என்றாள் சுதா. அவளுக்கு ஆச்சரியம். எனக்கு அதைவிட.

பாக்கியம் ஒவ்வொரு படமாக நின்று பார்த்தார். பாலத்தைப் பார்த்தார். பங்களாவைப் பார்த்தார். ஒரு படத்துக்கு முன்னால் நின்றவர் நகரவில்லை. பழைய தேயிலை பெக்டரி வாசல். நடுவில் தொப்பி வைத்த துரை. காலடியில் ஒரு நாய். பின்னால் கூடையோடு பதினொரு பெண்கள். கீழே ஆங்கிலத்தில் யாரோ மையால் எழுதியிருந்தார்கள்.

'என்ன எழுதியிருக்கு சுதா?'

சுதா வாசித்தாள். துரையின் பெயர். பிறகு, 'ரோவர், கொழுந்துக்கூலிகள்.'

'ரோவர் யாரு?'

'நாய்ம்மா.'

'நாய்க்குப் பேரு இருக்கு' என்றார் பாக்கியம். என் பக்கம் திரும்பினார். 'இந்தப் பொம்பளைகளுக்கு?'

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் படத்தைத் துடைத்தது நான். சட்டம் போட்டது நான். மாட்டும்போது நேராக இருக்கிறதா என்று பத்துத் தடவை தள்ளி நின்று பார்த்ததும் நான். எனக்கு இது தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது.

'தெரியலம்மா' என்றேன்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் அந்தப் பதினொரு முகங்களையும் பார்த்தார். தன் கைப்பையைத் திறந்தார். அந்த வெள்ளைத் துணியை எடுத்தார். என்னிடம் நீட்டவில்லை. மகளிடம் நீட்டினார்.

'இது தூரத்துச் சொந்தம் இல்ல சுதா. உன் தாத்தாவும் அம்மாச்சியும். மடியில இருக்குறது உன் மாமா.'

'அவங்கல்லாம் செத்துட்டாங்கன்னு...'

'போயிட்டாங்க. இந்தியாவுக்கு. நான் இங்க இருந்துட்டேன்.'

சுதா படத்தைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். எனக்குப் பயம். சண்டை போடப் போகிறாளா, அழப் போகிறாளா? அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

'இத்தன வருஷமா இத நீங்க தனியாவாம்மா வச்சிருந்தீங்க?'

அதற்குப் பிறகுதான் பாக்கியம் அழுதார். ஜெரால்ட் மெதுவாகப் போய் மண்டபத்தின் ஒரு கதவைச் சாத்திவிட்டு, வருகிறவர்களை அடுத்த கதவுப் பக்கம் அனுப்பினார். நல்ல மனிதர்.

அன்று மத்தியானம் அந்தப் படம் சுவரில் ஏறியது. கீழே எழுதுவதற்கு நான் பேனாவோடு நின்றேன். பாக்கியம் ஒவ்வொரு பெயராகச் சொன்னார். நிற்பவர் முத்தையா. உட்கார்ந்திருப்பவர் மாரியாயி. மடியில் சேகர்.

'அவ்வளவுதானா?' என்றேன்.

கொஞ்சம் யோசித்தார்.

'எதிர்ல நிக்கிறது பாக்கியம்னு போடுங்க.'

போட்டேன்.

அந்த வாரமே சுதா படத்தைப் பெயர்களோடு பேஸ்புக்கில் போட்டாள். இங்கிருந்து போனவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் நடத்தும் குழுக்கள் அங்கே எத்தனையோ இருக்கின்றன. பதினாறாம் நாள் கோத்தகிரியிலிருந்து ஒரு பெண் எழுதினாள்: 'இந்தக் குழந்தை எங்கள் அப்பா.'

வீடியோவில் பேசும்போது என்னையும் பக்கத்தில் இருக்கச் சொன்னார்கள். திரையில் நரைத்த மீசையோடு ஒருவர். நீலகிரியிலும் அவர்களுக்குத் தேயிலைதானாம். அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எந்த இடத்தில் தொடங்குவது?

'அக்கா... சாப்பிட்டீங்களா?'

'சாப்பிட்டேன். நீ?'

'சாப்பிட்டேன்க்கா.'

பிறகு தம்பி போனைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். மாலை போட்ட ஒரு படம். பொக்கை வாயும் முழுக்க நரைத்த தலையுமாக ஒரு கிழவி.

'யாரு அது?' என்றார் பாக்கியம்.

'அம்மாக்கா.'

பாக்கியத்துக்கு அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்த அம்மா, சுதாவை விடச் சின்னவர்.

'எப்ப?'

'ரெண்டு வருஷம் ஆச்சுக்கா. அப்பா அதுக்கு ரொம்ப முன்னாடியே. ஊர்லேருந்து யாராவது வந்திருக்காங்கன்னு கேள்விப்பட்டா, அம்மா நடந்தே போயி விசாரிச்சுட்டு வருவாங்க. ஹாலிஎலத் தோட்டத்துக்கு எழுதிக்கிட்டே இருந்தோம். ஆள் இல்லன்னு திரும்பி வந்துரும். அப்பயும் எழுதச் சொல்லுவாங்க.'

இரண்டு வருஷம். இரண்டே இரண்டு வருஷம்...

'அவங்க தேடியிருக்காங்க டீச்சர்' என்றார் பாக்கியம், போனை வைத்த பிறகு. 'நான் செத்துட்டாங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்.'

இதற்கு உங்களில் யாரிடமாவது பதில் இருந்தால் எனக்கு எழுதுங்கள். சுதா மட்டும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, 'அவங்கள நெனச்சிக்கிட்டுத்தானேம்மா இருந்தீங்க' என்றாள். அது போதுமா போதாதா என்று தெரியவில்லை. பாக்கியம் கையை விடவில்லை.

பழைய படங்களைப் பற்றி இத்தனை மாதமாக நான் எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது. படத்தில் இருப்பதுதான் சரித்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாரைப் படத்துக்கு வெளியே பிடித்து நிறுத்தினார்கள் என்பதும் சரித்திரம்தான். அது எந்த ஆல்பத்தில் இருக்கிறது? மனிதர்களிடம்தான் இருக்கிறது. அதை மட்டும் கேட்காமல் எடுக்கவே முடியாது. அவர்களாகத் தந்தால்தான் உண்டு.

பாக்கியத்துக்குப் பாஸ்போட் வந்துவிட்டது. அம்மாவைப் புதைத்த இடத்தில் தம்பி ஒரு எலுமிச்சங்கன்று வைத்திருக்கிறாராம். ஒரு வாரமாவது போய் இருந்துவிட்டு வரவேண்டும் என்கிறார். போன புதன்கிழமை என் வீட்டில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, விசா விண்ணப்பத்தை நிரப்பினோம். பெயர், ஊர், தொழில் என்று நான் கேட்கக் கேட்க அவர் சொன்னார். இந்தியாவில் உங்களுக்குத் தெரிந்தவர் யார் என்று ஒரு கேள்வி வந்தது.

'சேகர்' என்றார் உடனே.

'என்ன உறவுன்னு போடட்டும்?'

'கூடப் பொறந்த தம்பி.'

'தம்பின்னு போட்டாப் போதும்மா.'

'இல்லங்க டீச்சர். கூடப் பொறந்தன்னும் சேத்துப் போடுங்க. எடம் பத்தாட்டி சின்ன எழுத்துல போடுங்க.'

போட்டேன். அந்தப் பெட்டிக்குள் கச்சிதமாக அடங்கியது.